ஒடிந்த எலும்பும் ஊட்டும் உணவும்

எலும்பு ஒடிந்தவரைப் பார்க்கச் செல்லும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு போவது நம்மவர் வழக்கமன்று. முன்பெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழமோ நான்கு சாத்துக்குடியோ எடுத்துச் செல்வார்கள். இப்போது காலம் முன்னேறிவிட்டது. வழவழப்பான டப்பாக்களை எடுத்துச் செல்கிறார்கள். டப்பாவின்மேல் ஒரு சிறுவன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். அல்லது ஒரு பாட்டி மாடிப்படியில் துள்ளி ஏறிக்கொண்டிருப்பாள். உள்ளே இருக்கும் மாவைக் கலக்கிக் குடித்தால் எலும்பு இரும்பாகிவிடும் என்பது அந்தப் படத்தின் தாத்பரியம்.

புதுவையிலிருந்து வில்லியனூருக்குச் செல்லும் சாலையில் உள்ள மூலக்குளத்தில், சென்ற ஐப்பசி மழையின்போது நம் பெரியம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். துவைக்கும் கல்லின் ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. விழும்போது வலது கையை ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் வரையில் கட்டு இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வைத்தியத்தில் யாதொரு குறையும் இல்லை.

தொல்லை ஆரம்பமானது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். பந்துக்களும் சிநேகிதர்களும் வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கூடத்து அலமாரியில் ஏழு டப்பாக்கள் அணிவகுத்து நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் மாத்திரைப் புட்டிகள் மூன்று. "இதிலே எதைக் கொடுக்கிறது, எதை விடுறது?" என்று அண்ணன் நம்மைக் கேட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றால் சகல விஷயங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு அல்லவா? அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகப் புத்தகங்களைப் புரட்டினோம், டாக்டர்களைக் கேட்டோம். அதன் பலனே இக்கட்டுரை.

பெரியம்மாவின் தட்டு

டப்பாக்களை ஆராய்வதற்கு முன்னால் பெரியம்மாவின் தட்டை ஆராய்ந்தோம். காலையில் இரண்டு இட்டலி. மத்தியானம் இரண்டு கரண்டி ரசம் சாதம். இரவில் அரிசிக் கஞ்சி. இவ்வளவுதான் ஆகாரம். பருப்பு வாயு என்று விலக்கப்பட்டது. தயிர் குளிர்ச்சி. மீனும் முட்டையும் கட்டுப் போட்டிருக்கும் காலத்தில் ஆகாது என்று அடுத்த தெருவிலிருந்து உத்தரவு வந்திருந்தது. கீரை இரவில் கூடாது. பகலில் அதை ஆய்வதற்கு அண்ணிக்கு நேரமில்லை.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒடிந்தது வலது கை. பிறர் ஊட்டினால்தான் பெரியம்மா சாப்பிட முடியும். பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் ஐம்பது வருஷம் ஊட்டிய கை அது. இப்போது மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. நான்கு வாய் வாங்கியதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எனக்குப் பசியே இல்ல தம்பி. ஒருத்தர் வேலையைப் போட்டுட்டு உக்காந்து ஊட்டணுமாக்கும்" என்றார்.

கணக்குப் பண்ணிப் பார்த்தோம். அந்த இட்டலியும் சாதமும் கஞ்சியும் சேர்ந்து நாளொன்றுக்கு 15 கிராம் புரதங்கூடத் தேறவில்லை. பெரியம்மாவின் எடை 45 கிலோ. திடமாக இருக்கும் ஒருவருக்கே கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் வீதம் புரதம் வேண்டும் என்பது 2020-ஆம் வருஷத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சிபாரிசு. அதன்படி 37 கிராம் ஆகிறது. நோயுற்ற அல்லது காயப்பட்ட முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்பது இக்காலத்து வைத்தியர்கள் கூறும் அளவு. அந்தக் கணக்கில் 54 கிராமுக்குக் குறையக் கூடாது. தேவையில் கால் பங்கு ஆகாரத்தை வைத்துக்கொண்டு, அலமாரியில் ஏழு டப்பாக்களைப் பூஜை செய்துகொண்டிருந்தோம்!

எலும்பு கூடும் விதம்

எலும்பு என்பது கல்லைப் போன்ற ஜடப்பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. உயிரணுக்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொரு நாளும் பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உண்டாவதுமாக இருக்கிறது. ஆகையினால்தான் ஒடிந்த கோலை ஒட்டவைக்க முடியாதபோது ஒடிந்த எலும்பு தானே கூடிக்கொள்கிறது. கட்டுப் போடும் வைத்தியர் அதை அசையாமல் பிடித்துவைக்கிறார்; கூட்டுகிற வேலையைச் சரீரமே செய்கிறது.

ஒடிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில தினங்களில் அந்த இடத்திற்கு உயிரணுக்கள் வந்து குவிகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பும் நாருமாக ஒரு மெல்லிய பிணைப்பு ஏற்படுகிறது. பிறகு அதன்மேல் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. மணிக்கட்டுக்குச் சுமார் ஆறு வாரமும், தொடை எலும்புக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் பிடிக்கும். அப்படிக் கூடிய எலும்பு பழைய வடிவத்தை அடைவதற்கு இன்னும் பல மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் செல்லும்.

வீடு கட்டுகிறவர்கள் முதலில் இரும்புக் கம்பியைப் பின்னிக் கட்டிவிட்டு, அதன்மேல் சிமெண்டுக் கலவையைக் கொட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். எலும்பின் அமைப்பும் ஏறக்குறைய அத்தகையதே. அதன் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்பு முதலிய தாதுப் பொருள்கள். மீதியில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரத நார். சுண்ணாம்பு கலவை என்றால் புரதந்தான் கம்பி. கம்பி இல்லாத இடத்தில் கலவையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினால் என்ன பிரயோஜனம்? எலும்பு ஒடிந்தவுடன் சுண்ணாம்பு மாத்திரையை மட்டும் தேடி ஓடுவது இதைப் போன்ற காரியந்தான்.

அந்தப் புரத நாரை முறுக்கேற்றுவதற்கு வைட்டமின் ஸி அவசியம். இதற்கு விசித்திரமான ஒரு சரித்திர சாட்சி உண்டு. 1740-இல் ஆன்ஸன் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். பல மாதங்கள் காய்கனியைக் கண்ணால் காணாத மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கும்பல் கும்பலாக மாண்டார்கள். அவர்களில் ஒரு கிழவர் 1690-இல் அயர்லாந்தில் நடந்த பாயின் நதிச் சண்டையில் காயமடைந்தவர். ஐம்பது வருஷங்களுக்கு முன் ஆறிப்போன அந்தப் புண்கள் கப்பலில் மீண்டும் திறந்துகொண்டன. கூடியிருந்த பழைய எலும்பு முறிவும், கூடாததுபோல் மறுபடி விட்டுப்போயிற்று. 1748-இல் வெளியான அந்தப் பிரயாண நூலில் இந்த விவரம் பதிவாகியிருக்கிறது. ஒரு முறை கூடிய எலும்பைக்கூட உணவின் குறை பிரித்துவிடும் என்றால், கூடிக்கொண்டிருக்கிற எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஜெனீவாவில் நடந்த சோதனை

"வயதானவர்கள் குறைவாகத்தானே சாப்பிடுவார்கள்? அதனால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். ஸ்விட்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரத்து டாக்டர்கள் இதற்குப் பதில் கண்டிருக்கிறார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்து வந்த 59 முதியவர்களை அவர்கள் கவனித்தார்கள். ஆஸ்பத்திரியில் போதிய உணவு கொடுக்கப்பட்டபோதிலும் நோயாளிகள் அதைத் தேவையான அளவு உண்ணவில்லை. ஆகவே ஒரு பகுதியினருக்கு வழக்கமான உணவுடன் தினமும் 250 மில்லி லிட்டர் சத்துப் பானம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் 20 கிராம் புரதம் இருந்தது. அந்தச் சிறிய உதவியைப் பெற்றவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன. ஆஸ்பத்திரிகளில் தங்கிய நாட்களின் நடு அளவு 40-லிருந்து 24-ஆக இறங்கியது. 1990-இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் இது வெளியாயிற்று.

ஆகவே டப்பாக்கள் யாவும் மோசம் என்று நாம் கூற வரவில்லை. மென்று தின்ன முடியாதவருக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாய்க்குப் பிடிக்காதவருக்கும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் சத்துப் பானம் நல்ல துணை. ஆனால் ஜெனீவாவில் பலன் கொடுத்தது 20 கிராம் புரதமும் அதனோடு சேர்ந்த உணவுச் சக்தியுமே. டப்பாவின் மேலுள்ள படம் அல்ல. நம் அலமாரியில் நின்ற ஏழு டப்பாக்களையும் திருப்பிப் பின்புறத்திலிருந்த பொடியெழுத்தைப் படித்தோம். நான்கில் முதலாவதாக நின்றவை தானிய மாவும் சர்க்கரையுந்தான். 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே நம் தேசத்து உணவுச் சட்டத்தில் கிடையாது. ஆகையால் அந்தத் தலைப்பின்கீழ் இத்தகைய பானங்களை விற்கலாகாது என்று 2024 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் வர்த்தக இலாகா இணைய வியாபாரிகளுக்கு அறிவித்தது. இது எத்தனை வீடுகளுக்கு எட்டியது?

குன்னூர் தந்த பாடம்

உணவைப் பற்றிய ஞானத்துக்கு நாம் ஜெனீவாவரை போக வேண்டியதில்லை. நீலகிரியிலுள்ள குன்னூரே போதும். 1918-இல் அங்கே இருந்த பாஸ்டர் ஸ்தாபனத்தில் டாக்டர் மக்காரிஸன் ஓர் ஆராய்ச்சியைச் சிறிய அளவில் தொடங்கினார். அதுவே பெருகி வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவூட்ட நிலையமாக விளங்குகிறது.

மக்காரிஸன் எலிகளைப் பல வகுப்புகளாகப் பிரித்து, நம் தேசத்தின் பல பிராந்தியத்து ஜனங்கள் உண்ணும் உணவை அவற்றுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியரின் உணவைத் தின்ற எலிகள் செழித்து வளர்ந்தன. சென்னை ராஜதானிக்காரரின் அரிசி உணவைத் தின்ற எலிகளோ மெலிந்து பின்தங்கின. நமக்கு இது சற்று ரோஷத்தை உண்டாக்கும் செய்தியே. ஆனால் எலிகள் பொய் சொல்வதில்லை. தீட்டிய அரிசியை மலையாகக் குவித்து, பாலையும் பருப்பையும் கீரையையும் சாஸ்திரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தையே அவை சுட்டிக்காட்டின. பெரியம்மாவின் ரசம் சாதமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதே ஸ்தாபனத்திலிருந்து 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை வெளிவந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் அதை விரிவாக்கி 1971-இல் வெளியிட்டார்கள். அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தபோது, நாம் கடையில் தேடிய பொருள் நம் கொல்லையிலேயே இருந்தது தெரிந்தது.

நம் ஊர்ச் சரக்கு

நூறு கிராம் பசும்பாலில் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடையுள்ள கேழ்வரகில் 344, முருங்கைக்கீரையில் 440, அகத்திக்கீரையில் 1,130, எள்ளில் 1,450. பின்னால் 2017-இல் வெளியான புதிய அட்டவணையில் கீரைகளின் அளவு சற்றுக் குறைந்தே காணப்படுகிறது. அன்றியும் கீரை, தானியம் இவற்றிலுள்ள சுண்ணாம்பு முழுவதும் உடம்பில் ஒட்டுவதில்லை. இருந்தபோதிலும் இந்தப் பட்டியலில் ஒரு பொருளாவது கிடைக்காத கிராமம் வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் இல்லை. முள்ளோடு சேர்த்துத் தின்னும் நெத்திலிக் கருவாடும் சிறந்த சுண்ணாம்புக் களஞ்சியமே. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் அதன் உப்பை உத்தேசித்து நிதானிக்க வேண்டும்.

புரதத்துக்கு வருவோம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லி லிட்டரில், ஏறக்குறைய அதே அளவு. ஒரு கைப்பிடிப் பருப்பில் 6 அல்லது 7 கிராம். நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். ஒரு டப்பாவின் விலைக்கு ஒரு மாதம் முழுவதும் நாளொன்றுக்கு ஒரு முட்டை வாங்கலாம். மீதிப் பணத்துக்குக் கொய்யாப்பழமும் வாங்கலாம். அந்தக் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் வைட்டமின் ஸி நிறைந்திருக்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து பெரியம்மாவுக்காக ஏற்பாடு செய்த நாள் உணவை இங்கே குறிப்பிடுவது சில வீடுகளுக்கு உபயோகமாக இருக்கலாம். காலையில் பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சியும், சாம்பாருடன் இரண்டு இட்டலியும். முற்பகலில் ஒரு கொய்யா. மத்தியானம் சாதம், கெட்டிப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை அல்லது மீன், ஒரு கிண்ணம் தயிர். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஓர் எள்ளுருண்டையும். இரவில் தோசை, சட்டினி. படுக்கும்போது ஒரு தம்ளர் பால். பாலும் தயிருமாகச் சேர்ந்து மூன்று தம்ளர் ஆகிறது. மொத்தத்தில் சுமார் 55 முதல் 60 கிராம் புரதமும், 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் நாளொன்றுக்கு வேண்டும் என்பதே சிபாரிசு. மாமிசம் உண்ணாத வீடுகளில் மீனுக்குப் பதிலாகப் பருப்பையும் தயிரையும் வேர்க்கடலையையும் பெருக்கிக்கொண்டால் காரியம் நடந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் டாக்டரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சாக்கில் பட்டினி கிடக்கலாகாது.

பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த செய்தி. மதுவும் எலும்புக்குப் பகையே. புதுவைவாசிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பதன் காரணத்தை நேயர்கள் அறிவார்கள்.

பற்றும் பிரண்டையும்

எலும்பு முறிந்தவுடன் நாட்டுக் கட்டுக்கு ஓடுகிறவர்கள் இன்றும் பலர். ஆந்திர நாட்டுப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாடெங்கும் தொங்குகின்றன. கட்டு இறுகி, விரல்கள் வீங்கியோ கறுத்தோ மரத்தோ போகுமானால், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்தக் கட்டானாலும் இதுவே விதி. தாமதத்தால் கையையே இழந்தவர்கள் உண்டு.

நாட்டுக் கட்டில் உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் குழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். அதே சமயத்தில் நோயாளி பத்தியமாக இருந்து, முட்டையையும் உளுந்தையும் வாயால் தொடாமல் இருப்பார். நமக்கு இது பெரும் வேடிக்கையாகத் தோன்றுகிறது. தோலின்மேல் தடவிய முட்டை எலும்புக்குப் போய்ச் சேராது. வயிற்றுக்குள் சென்ற முட்டையே சேரும். பற்றுக்கு எடுத்துவைத்த சாமானை அப்படியே சமையலறைக்கு அனுப்பிவிட்டால், பாதிச் சிகிச்சை முடிந்தது எனலாம்.

பிரண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியில் படர்ந்து கிடக்கும் இந்தக் கொடியை எலும்பு ஒட்டும் மூலிகை என்று நம் முன்னோர்கள் கருதினார்கள். 1960-களில் காசி ஹிந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் உடுப்பா, டாக்டர் பிரசாத் ஆகியோர் இதைப் பிராணிகளிடம் சோதித்து, முறிவு விரைவில் கூடுவதற்கு அனுகூலமான அறிகுறிகளைக் கண்டார்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. அவற்றைக்கொண்டு பெரிய தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆகவே பிரண்டைத் துவையலைச் சந்தோஷமாக உண்ணலாம். பிரண்டைப் பொடி டப்பாவை நம்பி மாவுக்கட்டைக் கைவிடக் கூடாது. இளந்தண்டாகப் பார்த்து, கணுவை நீக்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால்தான் நாக்கு அரிக்காது. இது அண்ணியின் பாகம்.

மாத்திரை யாருக்கு?

மாத்திரைப் புட்டிகள் மூன்று இருந்தன என்றோம். அவற்றால் ஒரு விபரீதம் நேர இருந்தது. பெரியம்மாவின் இரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்ததால், வாரத்துக்கு ஒன்று வீதம் 60,000 அலகு கொண்ட குளிகையை ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர், எலும்புக்கு நல்லதென்று வேறு பெயருள்ள குளிகைகளை அன்புடன் வாங்கிவந்தார். அதைத் தினம் ஒன்றாக மூன்று நாள் கொடுத்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தபோது அதுவும் அதே 60,000 அலகு! உடனே நிறுத்தி, டாக்டரிடம் சொன்னோம். மூன்று நாளோடு போயிற்று. கெடுதல் ஒன்றும் நேரவில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்திருந்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து, வாந்தியும் மயக்கமும் சிறுநீரகச் சேதமும் உண்டாகியிருக்கும். வைட்டமின் என்ற பெயர் இருப்பதாலேயே அது நெல்லிக்காயைப் போல் சாதுவான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் வைட்டமின் டி குறையுமா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. நம் சருமம் வெயில் பட்டு அதைத் தயாரிக்கிறது என்பது உண்மையே. ஆனால் 2007-இல் திருப்பதி டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, திடகாத்திரமாகத் தோன்றும் தென்னிந்தியர்களிடையிலும் இந்தக் குறைவு மலிந்திருப்பதைக் காட்டியது. சுண்ணாம்புச் சத்தும் அவர்கள் உணவில் குறைவாகவே இருந்தது. வீட்டுக்குள்ளேயே உழலும் பெண்களும் முதியவர்களும் இதில் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். குறை உள்ளவருக்கு மாத்திரை அவசியம். குறை இல்லாதவருக்கோ? அமெரிக்காவில் 25,871 பேருக்குச் சுமார் ஐந்து வருஷம் வைட்டமின் டி கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். கொடுத்ததால் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று.

சுண்ணாம்பு மாத்திரையும் அப்படியே. உணவில் போதிய அளவு கிடைக்காதவர்களுக்கு டாக்டர் கொடுப்பார். சாதாரணமாகக் கிடைக்கும் கார்பனேட் வகையை உணவோடு சேர்த்து உட்கொள்வது நல்லது. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிறுநீரகத்தில் கல் உண்டானவர்கள் தாமாக இதைத் தொடலாகாது.

இன்னொரு முக்கியமான விஷயம். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்டவரின் எலும்பு ஒடிந்தால், அது வெறும் விபத்து அன்று. எலும்பு ஏற்கனவே மெலிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். இவ்வாறு ஒரு முறை ஒடிந்தவருக்கு மறுபடியும் ஒடியும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. எலும்பின் அடர்த்தியை அளப்பதற்குக் கருவி இருக்கிறது. மெலிவைத் தடுக்க மருந்துகளும் இருக்கின்றன. கட்டைப் பிரித்ததும் கணக்கு முடிந்தது என்று எண்ணாமல், இவற்றைப் பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும்.

கடைசிப் பந்தி

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருந்தது. நாம் கொடுத்த உணவினால்தான் கூடிற்று என்று பெருமை பேச மாட்டோம். மணிக்கட்டு முறிவு பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் கூடிவிடும். ஆனால் மூன்றாவது வாரத்தில் எழுந்து நடக்கச் சோம்பிக் கட்டிலில் சாய்ந்து கிடந்தவர், ஆறாவது வாரத்தில் தெருக்கோடிவரை உலாவிவந்தார். உணவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. விரல்களுக்கு இன்னும் சில மாதம் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்த ஆறு வாரத்தில் நம் மனத்தைத் தைத்தது வேறொரு விஷயம். முதல் நாள் இரவு பால் தம்ளரை நீட்டியபோது பெரியம்மா அதை வாங்கவில்லை. "பசங்களுக்குக் கொடுங்க. பாலைக் குடிச்சு எனக்கு என்ன ஆகணும்?" என்றார். அவர் தமக்கென்று ஒரு தம்ளர் பால் குடித்து எத்தனை வருஷமாயிற்று என்று விசாரித்தோம். கடைசிப் பிரசவத்தின்போது குடித்ததாக நினைவு என்றார். கடைசிப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது!

பெண் பருவமடைந்தால் இடுப்பு எலும்பு பலப்பட வேண்டும் என்று உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து ஊட்டுகிறோம். எவ்வளவு நல்ல வழக்கம்! ஆனால் அது சில தினங்களோடு நின்றுவிடுகிறது. அதன்பின் அவள் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறாள். எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்கிறாள். பருப்பின் தெளிவு அவளுக்கு, பருப்பு மற்றவர்களுக்கு. மீனின் நடுத்துண்டம் ஒரு நாளும் அவள் இலையை எட்டுவதில்லை. நாற்பது வருஷம் இப்படிக் கழிந்த பிறகு ஒரு நாள் பாசியில் கால் வழுக்குகிறது. நாம் பாசியின்மேல் பழி போடுகிறோம்.

இப்போது பெரியம்மாவுக்கு ஊட்ட வேண்டிய அவசியமில்லை. தம் கையாலேயே உண்கிறார். கட்டுப் பிரித்த மறுநாளே எல்லாருக்கும் பரிமாறப் புறப்பட்டவரை, அண்ணி மணையில் உட்கார வைத்துவிட்டார். "நீங்க முதல்ல சாப்பிடுங்க அத்தை. அப்புறம் எங்களுக்குப் போடலாம்" என்றார். இரவில் பால் நிற்கவில்லை. அண்ணியும் தமக்கு ஒரு தம்ளர் ஆற்றி வைத்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

நேயர்களே, எலும்பு ஒடிந்தவரைப் பார்க்கப் போகும்போது இனி டப்பா வேண்டாம். ஒரு டஜன் முட்டையோ, ஒரு கட்டு முருங்கைக்கீரையோ, ஒரு பை கேழ்வரகு மாவோ கொண்டுபோங்கள். கீரையானால் ஆய்ந்தும் கொடுத்துவிட்டு வாருங்கள். நேரமிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வாய் ஊட்டிவிட்டு வாருங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் யார், அவர் தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஒரு முறை பாருங்கள். எலும்பு ஒடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.